தாள் விடுகிற நேரம்

அப்பா ஒரு சிகரெட்டைப் பிரிக்கிற விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் புகைத்தவர் இல்லை. கால்நடை டாக்டரிடமிருந்து ஒன்றை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் நெடுகக் கீறி, புகையிலையைச் செம்பருத்தித் தூரில் உதிர்த்துவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொள்வார். “ஒண்ணு அநியாயமாப் போச்சே ஃபிட்டரே” என்பார் டாக்டர், ஒவ்வொரு முறையும். அப்பா பதில் சொல்ல மாட்டார். தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து என் கையில் கொடுப்பார்.

1979. பொன்மலை ரயில்வே காலனி. எனக்குப் பத்து வயது. வாசலில் டாக்டரின் புல்லட் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். குண்டு பல்பு வெளிச்சம். உள்ளே அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா டாப் கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவார். சக்கரம் நகர்ந்தால் சங்கிலி நகரும், சங்கிலி நகர்ந்தால் பிஸ்டன் மேலேறும். பிளக் ஓட்டைக்குள் ஒரு சைக்கிள் கம்பி நிற்கும், அதில் பிளேடால் கீறிய ஓர் அடையாளம். என் வேலை பாயிண்டுக்கு நடுவே செருகிய அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்து இலேசாக இழுத்துக்கொண்டே இருப்பது.

பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை ஒட்டியிருக்கும்வரை காயிலில் மின்சாரம் ஓடும். பிரிகிற கணத்தில் பிளக்கில் பொறி தெறிக்கும். எஞ்சின் நிதானமாக ஓடும்போது அந்தப் பிரிவு, பிஸ்டன் உச்சியைத் தொட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் இருக்கையில் நிகழ வேண்டும். முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பிந்தினால் வண்டி சூடேறி இழுவை இல்லாமல் போகும். அந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்க முடியாது. தாள்தான் சொல்லும். ஒட்டியிருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், பிரிந்ததும் விட்டுவிடும்.

“விட்டுருச்சுப்பா!” என்று கத்துவேன்.

அப்பா கம்பியைக் குனிந்து பார்ப்பார். “இல்ல. நீ இழுத்திருக்கே. அது விடல.”

மறுபடி தாள், மறுபடி சக்கரம். நான் இழுத்து எடுப்பதற்கும் அதுவாக விடுவதற்கும் நடுவில் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையைக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அப்பாவுக்கென்று மோட்டார் சைக்கிள் இருந்ததில்லை. பொன்மலைப் பட்டறைக்குச் சைக்கிளில்தான் போவார், சங்கு ஊதுவதற்குக் கால்மணி முன்னதாக. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1928-இல் பொன்மலைக்கு வந்ததையும், ஊட்டி மலை ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சின்கள் உடம்பு சரியில்லை என்றால் இங்கேதான் இறங்கி வரும் என்பதையும், சொந்தக் குடும்பக் கதை சொல்வதுபோலச் சொல்லுவார். மாலையில் வீட்டுக்கு வந்தால் யார் வீட்டு மின்விசிறியோ, பம்புசெட்டோ, டாக்டரின் புல்லட்டோ காத்திருக்கும். காசு வாங்கியதாக நினைவில்லை. டாக்டர் மட்டும் எங்கிருந்தோ நெய் கொண்டுவந்து கொடுப்பார்.

தேக்குப் பலகையில் அவரே செய்த ஒரு பெட்டி. அதற்குள் ஸ்பேனர்கள், பழைய வேட்டித் துணியில் சுற்றி. ஒவ்வொன்றின் உடம்பிலும் எண்கள் குத்தியிருக்கும். சின்ன வயதில் அவை எனக்குப் புரிந்ததே இல்லை: கால், அதன் பக்கத்தில் அஞ்சு பதினாறு, டபிள்யூ என்றும் பிஎஸ்எஃப் என்றும் எழுத்துகள்.

2009-இல் அப்பா போனார். கடைசி இரவில் என் கையைப் பிடித்திருந்தார். விடியற்காலை யாரோ ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அவர் கை விட்டதா, நான் இழுத்துக்கொண்டேனா என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பெட்டி என்னோடு வந்தது. வீட்டில் எதற்கும் அந்த ஸ்பேனர்கள் பொருந்தவில்லை. என் ஸ்கூட்டருக்கு இல்லை, கேஸ் அடுப்புக்கு இல்லை, மோட்டாருக்கு இல்லை. ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூசை அன்று, எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு மறுபடி சுற்றி வைப்பேன். வேலை செய்யாத கருவிக்குப் பூசை செய்வதில் எனக்கு ஏதோ ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

2021-இல் தொட்டியம் பக்கம் ஓர் அரிசி ஆலையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு புல்லட்டைப் பார்த்தேன். 1972-ஆம் வருடத்து வண்டி. டயர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. ஹெட்லைட் மேலிருந்த ஆம்ப் மீட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஆலைக்காரர் காயலான் கடைக்குப் போடத்தான் இருந்தார். எடைக்குக் கிடைக்கிற விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “டாக்டர் வண்டி மாதிரியே இருக்குப்பா” என்றாள். டாக்டர் வண்டி இல்லை அது. டாக்டரின் வண்டி எந்த வழியில் போனதோ, அதைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் தகட்டில் ஒரு நட்டு. என்னிடமிருந்த செட்டில் 13 நுழையவில்லை. 14 நுழைந்தது, கொஞ்சம் ஆடியது. பரவாயில்லை என்று அழுத்தினேன். நட்டின் முனைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பெட்டி நினைவுக்கு வந்தது. கால் டபிள்யூ. வேட்டித் துணியைப் பிரித்து அடுத்த நட்டில் வைத்தேன். வாயை மூடிக்கொள்வதுபோல அது நட்டைக் கவ்விக்கொண்டது. ஒரே திருப்பு.

பிறகுதான் அந்த எண்களைப் படித்தேன். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1841-இல் திருகு மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. அவருடைய கணக்கில் ஸ்பேனரில் குத்தியிருக்கும் எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் குறுக்களவு. கால் அங்குல போல்ட்டுக்கான நட்டின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். 13 நுழையாது, 14 நழுவும். அந்த மில்லிமீட்டர் பங்கில்தான் என் விரல் கிழிந்தது. பொன்மலைப் பட்டறையும் புல்லட்டும் ஒரே நாட்டின் அளவுமுறையோடு வந்தவை. பட்டறைக்காக வாங்கிய ஸ்பேனர் டாக்டரின் வண்டிக்குப் பொருந்தியது அதனால்தான். இத்தனை நாள் அந்த ஸ்பேனர்கள் வேலைக்காகக் காத்திருந்தன. அவற்றுக்கு ஏற்ற நட்டு என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்டைப் பற்றித் தேடிப் படிக்கும்போது இன்னொன்றும் கிடைத்தது. புல்லட்டைச் செய்த ராயல் என்ஃபீல்டு பிறந்த ரெடிச், ஊசி செய்த ஊர். 19-ஆம் நூற்றாண்டில் உலகம் தைத்த ஊசிகளில் பெரும்பங்கு அங்கிருந்து போனவை. இந்தக் கம்பெனியின் மூலவேரான ஜார்ஜ் டவுன்சென்டின் தொழிலும் ஊசிதான். ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “ஊசி செய்யிறவனுக்குக் கை சுத்தமா இருக்கும்” என்றாள்.

அம்மா காலனியில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தவள். துணியை மெஷினில் வைக்கும் முன் அவள் செய்கிற ஒன்று உண்டு: அமுக்கியை இறக்கிவிட்டு ஊசிக்குப் பின்னால் நூலை விரலால் இழுத்துப் பார்ப்பாள். அமுக்கி இறங்கியிருந்தால் நூலைத் தட்டு பிடிக்கும், தூக்கினால் விட்டுவிடும். எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்துத் திருகை ஒரு கால் சுற்று கூட்டுவாள் அல்லது குறைப்பாள். கண் எங்கோ இருக்கும், பேச்சு எங்கோ இருக்கும், விரல் மட்டும் நூலோடு இருக்கும்.

புல்லட் நம் ஊருக்கு வந்ததும் ஒரு கதை. எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. அரசாங்கம் நூற்றுக்கணக்கில் புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வர, இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு பெயரில் வண்டி வருவது நின்றேபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இலிருந்து அதே புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆனது. பெற்றவர்கள் கைவிட்ட ஒன்றை வளர்த்தவர்கள் காப்பாற்றி, அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியதுபோல. என் வண்டி அந்த நடுக்காலத்தில், 1972-இல், கடற்காற்று அடிக்கிற அந்தத் தொழிற்சாலையில் பிறந்தது. டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் தூரிகை கொண்டு இழுக்கிற ஓவியர்கள் இருந்த தொழிற்சாலை. அந்தக் கோட்டுக்கு அளவுகோல் கிடையாது, மூச்சுதான் அளவு.

பிஸ்டன் இறுகியிருந்தது. 70 மில்லிமீட்டர் உருளை, 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. அதன் நடுவில் எங்கோ துரு பிடித்து நின்றுவிட்டது. பார்க்க வந்த ஒருவர் மரக்கட்டை வைத்து ஒரே அடி அடித்தால் இறங்கிவிடும் என்றார். இறங்கும், உருளைச் சுவரையும் கிழித்துக்கொண்டு இறங்கும். நான் டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றினேன். தினமும் சாயங்காலம் டாப் கியரில் போட்டுச் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்ப்பேன். அசையாது. ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். பதினோராம் நாள், வழக்கம்போல அசைத்தபோது, கைக்குள் ஏதோ இளகியது. ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் இழுக்கவில்லை. அது விட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சம்பளம் உயர்ந்த நாளில் இல்லாத, வீடு கட்டி முடித்த நாளில் இல்லாத ஒரு நிறைவு. ஒரு பொருளை வற்புறுத்தாமல் அதன் வழிக்குக் காத்திருந்து, அது திரும்பி வந்ததைக் கையால் உணர்ந்தவனுக்குத்தான் அது புரியும்.

பாலக்கரைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் உருளையைப் போர் போடக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் அளவுமானி வைக்கும் முன் சுட்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “மேல உதடு இருக்கு. இருபது போகணும்” என்றார். பிஸ்டன் வளையம் ஏறி இறங்கித் தேய்த்த இடத்துக்கும் அது தொடாத இடத்துக்கும் நடுவே உண்டாகிற விளிம்பைத்தான் உதடு என்கிறார்கள். பிறகு அளவுமானி வைத்தார், அதுவும் 0.020 அங்குலம் கூடுதல் பிஸ்டன் என்றே சொன்னது. போர் போட்டபின் உருளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை இட்டுக் கொடுத்தார். வழுவழுப்பாக இருந்தால் ஆயில் நிற்காது, கீறலில்தான் தங்கும். நல்ல சுவருக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பாகமாகக் கழற்றும்போது, எனக்கு முன்னால் இந்த வண்டியைத் தொட்ட கைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டேங்கைத் தண்ணீர் விட்டு எமரி தாளால் தேய்த்தபோது மேலே சிவப்பு, அதன் கீழே கறுப்பு, அதற்கும் கீழே ராணுவப் பச்சை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டியிருந்தது. டைமிங் மூடியைத் திறந்தபோது பேக்கிங்காக ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி வைத்திருந்தார்கள். ஆயிலில் ஊறிப் பழுப்பேறிய அட்டையில் ‘மணமக’ என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். முதலில் கோபம் வந்தது. இப்படியா செய்வார்கள் என்று தோன்றியது. பிறகு அந்த வெட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு திருகு ஓட்டையும் வட்டம் பிசகாமல் இருந்தது. கடை கண்ணி இல்லாத ஏதோ ஓர் ஊரில், நாளைக் காலையில் வண்டி ஓடியாக வேண்டிய கட்டாயத்தில், கையில் கிடைத்த நல்ல அட்டை அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் தன்னால் ஆன அளவுக்குச் சுத்தமாகச் செய்திருக்கிறார். நான் புதுப் பேக்கிங் போட்டேன். பழையதைத் தேக்குப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வண்டியைப் பழுது பார்ப்பது தனிமையான வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாசலில் தனியே உட்கார்ந்திருந்தாலும் பச்சை அடித்தவரும், வெள்ளித்தாள் சுருட்டியவரும், பத்திரிகை வெட்டியவரும் கூட இருந்தார்கள். பாயிண்ட் செட்டும் ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் கண்போல மினுங்கும் சின்ன விளக்குகளும் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனபோது, ஒரு கடைக்காரர் பழைய பாகம் ஒன்றைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, “இது ஒரிஜினல். தேஞ்சிருந்தாலும் இதையே போடுங்க” என்று என் பொருளையே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். விற்க உட்கார்ந்திருப்பவர் விற்காமல் அனுப்பியது, பொருளின் மேல் இருந்த மரியாதையால்.

இப்போது ஓட்டுகிறேன். ஆர்டிஓ அலுவலகத்தில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததும், அந்த எண்கள் தாளில் ஒவ்வொன்றாக எழுந்து வந்ததும் ஒரு தனிச் சந்தோஷம். முதல் நீண்ட பயணம் காவிரிக் கரையோரமாகத் தொட்டியத்துக்கு, ஆலைக்காரரிடம் காட்ட. குணசீலம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. முன்பென்றால் யாரையாவது கூப்பிட்டிருப்பேன். அன்று புளியமரத்தடியில் தள்ளி நிறுத்தி, மூடியைத் திறந்தேன். கண்டென்சர் கம்பி தளர்ந்திருந்தது. கால் டபிள்யூவுக்கு வேலை இல்லை. சின்னத் திருப்புளி போதும். பாயிண்டை ஒரு தாளால் துடைத்து மூடினேன். பத்து நிமிடம். எஞ்சினை எழுப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தபோது, மரத்தடி நிழலும் ஆற்றுக் காற்றும் அந்தச் சத்தமும் சேர்ந்து எனக்குச் சொந்தமானவைபோல இருந்தன. வண்டி கெட்டுப்போகாது என்பதில் இல்லை அந்த நிம்மதி. கெட்டால் எங்கே தொட வேண்டும் என்று கைக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது.

ஆனால் அதற்கெல்லாம் முந்தைய ஒரு சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எல்லாம் பூட்டியாகிவிட்டது. புஷ்ராடுகளை விரலால் சுற்றிப் பார்த்தேன். சுழன்றன, மேலும் கீழும் ஆடவில்லை. குளிர்ந்த எஞ்சினில் அப்படித்தான் இருக்க வேண்டும். டைமிங் மட்டும் பாக்கி. முனைக் கடையில் ஒரு சிகரெட் வாங்கி வந்து, கட்டைவிரல் நகத்தால் நெடுகக் கீறினேன். புகையிலையைச் செம்பருத்தித் தூரில் கொட்டினேன். பின்சக்கரத்தை உருட்ட ஒரு கை, கம்பியைப் பார்க்க ஒரு கண், பாயிண்ட் தட்டைத் திருப்ப ஒரு கை. தாளைப் பிடிக்க ஆள் இல்லை.

அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்தாள். 78 வயது. முட்டிவலியோடு ஒரு மணையை இழுத்துப் போட்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குடு.”

“கெட்டியா இழுக்கக் கூடாதும்மா...”

“தெரியும். உனக்கு அவரு சொல்லிக் குடுத்தப்ப நான் உள்ளதானே இருந்தேன்.”

தாளை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தாள். கண் வண்டியில் இல்லை. தெருவை, தெருவில் போகிற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் தாளோடு இருந்தது. நான் சக்கரத்தை உருட்டினேன். கம்பி மேலேறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை. நான் கீறிய அடையாளம் விளிம்பைத் தொட்டது.

“விட்டுருச்சுப்பா” என்றாள் அம்மா.

நான் குனிந்து தட்டின் திருகை இறுக்கினேன்.